அசைவுக் கோளாறு சிகிச்சைக் குழுவிடம் முதல்முறை போகிறவர்களுக்கு

அப்பாவின் கையெழுத்துதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஒரு விண்ணப்பத்தில் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முதலாவது வழக்கம்போல் இருந்தது. இரண்டாவது அதில் பாதி. மூன்றாவது எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. "அவசரத்தில் போட்டது" என்றார், நாங்களும் நம்பிவிட்டோம். கை நடுங்கத் தொடங்கியது அதற்கு ஓராண்டு கழித்துத்தான். அப்பாவுக்கு வந்திருந்தது பார்க்கின்சன்: உடலின் அசைவுகளை மந்தமாக்கும் மூளை நோய். இப்படி அசைவைக் கெடுக்கும் நோய்களைத்தான் அசைவுக் கோளாறுகள் என்கிறார்கள்.

அதிலிருந்து ஒன்பது ஆண்டுகளாகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அவருடன் போய்வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். காத்திருப்பு அறையில் புதிதாக வந்தவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அவர்களிடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மருத்துவர் உங்களைப் பார்ப்பது 20 நிமிடம். நோய் உங்களோடு இருப்பது 24 மணி நேரம். போதாக்குறைக்கு, மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் நோயாளிக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். அப்பா அங்கே நிமிர்ந்து நடப்பார், சிரித்துப் பேசுவார். "நன்றாகத்தானே இருக்கிறார்!" என்பார் மருத்துவர். வெளியே வந்து லிஃப்ட் வாசலை மிதிப்பதற்குள் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் வேலை ஒன்றுதான்: வீட்டில் நடக்கும் அந்த 24 மணி நேரத்தை மருத்துவர் அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அதற்காகவே.

முதல் படி: அசைவைப் படம் பிடியுங்கள்

கை நடுங்கினால் பார்க்கின்சன் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும். நடுக்கத்தில் பல ரகம் உண்டு. மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கும் கை, டம்ளரைத் தூக்கப்போனதும் அடங்கினால் அது பார்க்கின்சன் நடுக்கத்தின் சாயல். சும்மா இருக்கும்போது ஒன்றும் இல்லாமல், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது தண்ணீர் தளும்பினால் பெரும்பாலும் அது எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் வேறொன்று. பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. பார்க்கின்சன் உள்ள எல்லோருக்கும் நடுக்கம் வருவதும் இல்லை. சிலருக்கு மந்தமும் விறைப்பும் மட்டுமே. கழுத்தோ கையோ தானாக முறுக்கிக்கொள்வது டிஸ்டோனியா. கைகால்கள் ஓயாமல் நெளிந்துகொண்டே இருப்பது கொரியா. குடித்தவர்போல் நடை தள்ளாடிப் பேச்சும் குழறுவது அட்டாக்ஸியா. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எப்போது, எந்தப் பக்கம், என்ன செய்யும்போது வருகிறது என்பதைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. நல்ல வெளிச்சத்தில், தலை முதல் கால் வரை தெரியும்படி, போனில் அரை அரை நிமிடமாக எடுங்கள். நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்காரச் சொல்லி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். மனக்கணக்குப் போடும்போது ஒளிந்திருக்கும் நடுக்கம் வெளியே வந்துவிடும். பிறகு கைகளை முன்னே நீட்டி ஒரு படம், தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் குடித்து ஒரு படம். நாற்காலியிலிருந்து எழுந்து நடந்துபோய்த் திரும்பி வருவது ஒரு படம். அதில் திரும்பும் இடத்தைத் தவறவிடாதீர்கள், சங்கதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தூக்கத்தில் கத்துவது, கையைக் காலை வீசுவது உண்டென்றால் அதையும் எடுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு. அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படத்தைப் பார்க்கப்போவது மருத்துவர் மட்டும்தான் என்று சொன்ன பிறகே ஒத்துக்கொண்டார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதம் ஒருமுறை தேதி போட்டு ஒரே வாக்கியத்தை மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே, கை தாளில் படாமல், உள்ளிருந்து வெளியே விரியும் ஒரு சுருள் வரையட்டும். ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டினால் ஆயிரம் வார்த்தையில் சொல்ல முடியாதது தெரியும்.

இரண்டாம் படி: மருந்துப் பையைக் கவிழ்த்துக் காட்டுங்கள்

என் அத்தைக்கு நடை மெதுவாகி, முகத்தில் சலனமே இல்லாமல் போய், வலது கை நடுங்கவும் தொடங்கியது. "தம்பிக்கு இருப்பது அக்காவுக்கும் வந்துவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். இந்த நோய்களுக்கென்றே இருக்கும் சிறப்புச் செவிலியர் ஒருவர் அத்தையின் பையை மேசையில் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒன்றில் விரலை வைத்தார். "இது எத்தனை நாளாம்மா?" தலைசுற்றலுக்காக ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்த சின்னரிசின். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் அதை நிறுத்தினார். உடல் பழையபடி ஆக மாதங்கள் பிடித்தன, ஆனால் ஆனது.

இப்படி அசைவைக் கெடுக்கும் மருந்துகள் சாதாரணமாகப் புழங்குபவைதாம். தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் சின்னரிசின், ஃப்ளூனரிசின். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின். மனநலச் சிகிச்சையில் வரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன். வலிப்புக்கான வால்புரோயேட் நடுக்கத்தைக் கொடுக்கும். இவற்றில் ஒன்று உங்கள் பையில் இருந்தால் பதறி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். எழுதிக்கொடுத்தவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து, சத்து மாத்திரை என்று எதையும் மறைக்கவும் வேண்டாம்.

நோயாளி 40 வயதுக்கு உட்பட்டவர் என்றால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: வில்சன் நோயா என்று பார்த்துவிட்டீர்களா? உடலில் தாமிரம் சேர்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய் அது. இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், சிறுநீரில் தாமிரம், கருவிழி விளிம்பில் வளையம் என்று தேடிப் பார்ப்பார்கள். அரிதானதுதான். ஆனாலும் நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்தால் கட்டுப்படுத்திவிடலாம் என்பதால் தவறவிடக் கூடாது.

மூன்றாம் படி: முதல் சந்திப்பு

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்வார்கள். வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. தட்டத் தட்ட விரல்களுக்கிடையே இடைவெளி குறுகிக்கொண்டே போகிறதா என்று பார்க்கிறார்கள். அப்பாவின் மூன்று கையெழுத்துகளில் நடந்ததும் இதேதான். மணிக்கட்டைச் சுழற்றி விறைப்பைப் பார்ப்பார்கள். பின்னால் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று இழுப்பார்கள். பயப்பட வேண்டாம், விழவிடமாட்டார்கள். எத்தனை அடி பின்னே வைத்துச் சமாளிக்கிறார் என்பதுதான் கணக்கு.

"ஸ்கேன் எல்லாம் நார்மல், ஆனால் நோய் இருக்கிறது என்கிறார்களே?" காத்திருப்பு அறையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. பார்க்கின்சனில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதை எடுப்பது வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்வதற்காக. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை விவரித்தது ஆறே பேரை வைத்து. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் கண்ணுக்குத்தான் முதலிடம். அதனால்தான் படம் பிடிக்கச் சொன்னேன்.

எழுந்து வருவதற்குள் மூன்று கேள்விகள். இப்போதைக்கு நீங்கள் நினைக்கும் நோய் எது, வேறு எது இருக்கலாம்? எதைப் பார்த்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? அடுத்த சந்திப்புக்கு முன் பிரச்சினை வந்தால் யாரிடம் பேசுவது? முதல் இரண்டுக்கும் "போகப் போகத்தான் தெரியும்" என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம், நேர்மையான பதில் அது. மூன்றாவதற்கு மட்டும் ஒரு பெயரும் ஒரு எண்ணும் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

நான்காம் படி: யாரிடம் எதற்குப் போவது

குழு என்றால் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பல இடங்களில் அப்படி இல்லை. ஆளுக்கொரு கட்டடம், ஆளுக்கொரு நாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தாரா என்பதைக் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் குடும்பம்தான். எல்லா அறிக்கைகளும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் இப்போது சாப்பிடும் மருந்துகளை மணி வாரியாக எழுதி வையுங்கள்.

சிறப்புச் செவிலியர் இருக்கும் இடம் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் எதையும் அவரிடம் கேட்கலாம்.

இயன்முறை சிகிச்சையாளரிடம் நோய் முற்றிய பிறகு போகலாம் என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். தப்பு. நோய் உறுதியான வாரமே போங்கள். உடற்பயிற்சி இங்கே ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அல்ல, சிகிச்சையின் பாதி. கால் உறைந்து நின்றுவிடும்போது என்ன செய்வது என்பதையும் அவர்தான் கற்றுத்தந்தார். நாங்கள் அதுவரை அப்பாவின் இரு கைகளையும் பிடித்து முன்னால் இழுப்போம். உடம்பு முன்னே வரும், கால் வராது, விழுவார். "இழுக்காதீர்கள். நிற்கட்டும். மூச்சு விடட்டும். எடையை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றி அசையட்டும். பிறகு உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வையுங்கள், அதைத் தாண்டச் சொல்லுங்கள்" என்றார். அப்பா தாண்டினார். வெறும் தரையில் எடுக்க முடியாத அடியை ஒரு தடையைக் கண்டதும் எடுத்தார்! தானாக ஓடவேண்டிய அசைவு மூளைக்குள் தடைபடும்போது, கண்ணுக்கு ஓர் இலக்கைக் கொடுத்தால் வேறு பாதை வழியாக அது நடந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் இப்போது அடிக்கு ஒன்றாக நான்கு மஞ்சள் ஒட்டுப்பட்டைகள். தாளத்துக்கு நடப்பதும் சிலருக்குக் கைகொடுக்கும்.

பேச்சுப் பயிற்சியாளர் என்றதும் அப்பா சிரித்தார். "நான் நன்றாகத்தானே பேசுகிறேன்." அவர் காதுக்கு அப்படித்தான் கேட்கும். குரல் தேய்வது பேசுகிறவருக்கே தெரியாமல் போவது இந்த நோயின் விசித்திரம். ஒலிப்பதிவு செய்து போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார். வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம் என்று குரலை உரக்க எழுப்பும் பயிற்சித் திட்டம் ஒன்று பல நாடுகளில் நடக்கிறது. உங்கள் பயிற்சியாளரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். இதே பயிற்சியாளர் விழுங்குவதையும் பார்ப்பார். தண்ணீர் குடித்தால் இருமல், சாப்பிட்ட பிறகு குரலில் ஈரம் கலந்த கரகரப்பு, ஒரு வேளைச் சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுப்பது, காரணம் தெரியாமல் எடை குறைவது, அடிக்கடி நெஞ்சுச்சளி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதால் வரும் நிமோனியாதான் இந்த நோயில் பயப்பட வேண்டியது, நடுக்கம் அல்ல.

அன்றாட வேலைகளைத் தானே செய்ய வழிசொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டைப் பார்ப்பார்: கழிப்பறைக் கைப்பிடி, வழுக்கும் விரிப்பு, சட்டைப் பித்தானுக்குப் பதில் வெல்க்ரோ. உணவியல் நிபுணரிடம் மலச்சிக்கலையும் எடை குறைவையும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கடிகாரத்தைக் கையிலெடுங்கள்

பார்க்கின்சனில், அசைவுகளை இயக்க உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைகிறது. லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. 1960-களில் கையாளத் தொடங்கிய இந்த மருந்தை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. ஆனால் இதற்கு நேரம் தவறக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ எடுப்பது நல்லது. சாப்பாட்டிலுள்ள புரதமும் இந்த மருந்தும் உடலுக்குள் ஒரே வாசலில் முட்டி மோதுபவை. தொடக்கத்தில் வெறும் வயிற்றில் குமட்டினால் என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகள் போனதும் ஒரு மாத்திரையின் பலன் அடுத்த மாத்திரை வரை தாங்காது. மருந்து வேலை செய்யும் நேரம் 'ஆன்', வடிந்துபோகும் நேரம் 'ஆஃப்'. மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக நெளிவதும் உண்டு. நடுக்கம் கூடிவிட்டது என்று அதைத் தவறாகச் சொல்லிவிடுகிறார்கள். நடுக்கத்துக்கு மருந்தைக் கூட்டுவார்கள், நெளிவுக்குக் குறைப்பார்கள். எனவே எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

அதற்குத்தான் நாட்குறிப்பு. சந்திப்புக்கு முன் மூன்று நாள் எழுதினால் போதும். ஒரு நாளுக்கு அரை மணிக்கு ஒன்றாக 48 கட்டம். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து: தூக்கம், ஆன், ஆஃப், நெளிவு. மாத்திரை எடுத்த கட்டத்தில் ஒரு புள்ளி, சாப்பிட்ட கட்டத்தில் ஒரு கோடு. அப்பாவுக்குக் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என்று மாத்திரை. "நாள் முழுக்க முடியவில்லை" என்று இரண்டு சந்திப்புகளாகச் சொல்லிவந்தார், மருந்து கூடிக்கொண்டே போனது. குறிப்பைக் கொண்டுபோன நாள், மருத்துவர் பேனாவால் மூன்று இடங்களில் வட்டமிட்டார்: 9:30, 1:30, 5:30. ஒவ்வொரு மாத்திரைக்கும் முந்தைய அரை மணி மட்டும். அளவைக் கூட்டாமல் இடைவெளியைச் சுருக்கினார். இரண்டு வாரத்தில் அப்பா மறுபடி தானே சட்டை போட்டுக்கொண்டார்.

படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று 3 நிமிடம் ஆனதும் இரத்த அழுத்தம் பார்த்து அதையும் குறித்துவையுங்கள். நின்றதும் மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் அவசியம் சொல்லுங்கள். பல விழுகைகளுக்குக் காரணம் கால் அல்ல, இதுதான்.

ஆறாம் படி: வாய்விட்டுச் சொல்லக் கூசுவதைச் சொல்லுங்கள்

பார்க்கின்சனுக்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளில் சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாத ஆசைகள் கிளம்பும். சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, அடங்காத பாலுணர்வு, நடுராத்திரித் தீனி. இது குணக்கேடு அல்ல, மருந்தின் வேலை. நோயாளி சொல்லமாட்டார், பெரும்பாலும் அவருக்குத் தவறாகவே தெரியாது. துணைவிதான் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். இல்லாத ஆட்கள் அறையில் தெரிவதும் அப்படியே. "பைத்தியம் என்பார்கள்" என்று மறைக்கிறார்கள். சோர்வும் பதற்றமும் மனவருத்தத்தால் மட்டும் வருவதில்லை, நோயின் பகுதியாகவே வரும், சிகிச்சையும் உண்டு. மனநல மருத்துவர் இந்தக் குழுவின் உறுப்பினர்தான்.

கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரும் தன் தூக்கத்தைப் பற்றி அதே அறையில் பேசலாம். நான் அதைச் செய்ய நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் படி: ஊசியும் அறுவையும்

டிஸ்டோனியாவுக்கு, முறுக்கிய தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி. சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கும், ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். எந்தத் தசையில் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் ஊசி சரியாக அமையாவிட்டால் வைத்தியத்தையே கைவிடாமல், எந்த நாளில் எது தளர்ந்தது, விழுங்கச் சிரமம் வந்ததா என்று எழுதிக்கொண்டு போங்கள்.

மூளை ஆழ்தூண்டல் அறுவையை இன்றைய வடிவில் 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் அலிம்-லூயி பெனாபிட் குழுவினர் தொடங்கிவைத்தார்கள். மெல்லிய மின்கம்பிகளை மூளைக்குள் செலுத்தி, மார்புத் தோலுக்கடியில் ஒரு மின்கலத்தை வைப்பார்கள். இது நோயைக் குணமாக்குவதில்லை. லெவோடோபா எதைச் சரிசெய்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் இதுவும் சரிசெய்யும், நாள் முழுக்க ஏற்ற இறக்கம் இல்லாமல். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மருந்துக்கு அடங்காததும் இதற்கு அடங்கலாம். மருந்து உச்சத்தில் இருக்கும்போதும் நிலைதடுமாறுகிறார், ஞாபகம் தப்புகிறது என்றால் அறுவை அதற்குத் தீர்வல்ல. அதனால்தான் முன்னிரவிலிருந்து மருந்தை நிறுத்திக் காலையில் ஒருமுறை, மருந்து கொடுத்து மறுமுறை என்று மதிப்பெண் போட்டு ஒப்பிடுவார்கள். நினைவாற்றலையும் மனநிலையையும் சோதிப்பார்கள். குழு கூடிப் பேசி "வேண்டாம்" என்று சொன்னால் அது கைவிரிப்பு அல்ல. ஒரே சந்திப்பில் ஒரே ஆள் "செய்துவிடலாம்" என்று சொன்னால்தான் நான் யோசிப்பேன். அறுவைக்குப் பிறகு மின்தூண்டலைச் சரிப்படுத்த மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கருவி பொருத்தியவருக்கு டயாதெர்மி என்னும் வெப்பச் சிகிச்சை எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கொரியாவைக் கொண்டுவரும் ஹண்டிங்டன் நோய் போலப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள நோய்களில், மரபணுச் சோதனைக்கு முன் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். முடிவு தெரிந்த பிறகு தெரியாததாக ஆக்க முடியாது.

எட்டாம் படி: வேறு எதற்காவது மருத்துவமனையில் சேர்ந்தால்

அப்பாவுக்கு எலும்பு முறிவு ஏற்பட்டு ஓரிடத்தில் சேர்த்தபோது அங்கே எல்லா நோயாளிகளுக்கும் மருந்து 8 மணி, 2 மணி, 8 மணி. அப்பாவின் மணிக்கணக்கைச் சொன்னால் "எங்கள் முறை இது" என்றார்கள். மறுநாள் காலை அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஓர் அட்டை எழுதிப் பர்ஸில் வையுங்கள்: நோயின் பெயர், மருந்தும் அளவும் மணியும், "நேரம் தவறக் கூடாது, திடீரென நிறுத்தக் கூடாது", "மெட்டோகுளோபிரமைடு, ஹாலோபெரிடால் வேண்டாம்", குழுவின் தொலைபேசி எண். இரண்டு நாளுக்கான மாத்திரைகள் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் சட்டென்று மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது, புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை: முதலில் இவற்றைத் தேடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறையும் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். நோயாளி நன்றாக இயங்கும் நேரத்தில் ஒரு சந்திப்பு என்றால், அடுத்ததை அவர் ஆஃப் ஆகும் நேரத்துக்குக் கேளுங்கள். அப்பாவுக்கு அடுத்தது வரும் மாதம், காலை 9:30-க்கு.